அக்காவின் வண்ணப் பெட்டியும் அப்பாவின் எட்டாவது கழியும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்கா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தவர்கள். சிலர் இந்த வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். அது என்னிடம் வாங்கியதாக இருக்கும். அக்கா யாரையும் திட்டியதில்லை. வீட்டில் நான் அவரிடம் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவேன். அச்சில் வருவதால் 'அவர்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன். இருந்திருந்தால், "இன்னாடி, புதுசா மரியாதை எல்லாம்?" என்று கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும்படி உறவினர்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். அப்பா எல்லோருக்கும் மோர் கொடுத்துக் கேட்டுக்கொண்டார். கடைசியாக, "வூட்ட நான் பாத்துக்கறேன், அது படிக்கட்டும்" என்றார். பார்த்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும். அவர் வைத்த ரசத்துக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது. அக்கா அதையும் சாப்பிட்டு, எனக்கும் ஊட்டி, தலை பின்னிவிட்டு, தானும் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு ஓடுவார்.

அப்பாவுக்குச் சாயத் தொழில். நெசவுக்காரர்கள் கொண்டுவரும் பட்டு நூலை வளையம் வளையமாகக் கட்டி வைத்திருப்பார்கள், அதற்குக் கழி என்று பெயர். அந்தக் கழிகளைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி, திருப்பி, அலசி, காயவைத்துக் கொடுப்பதுதான் வேலை. அப்பாவின் நகங்களைப் பார்த்தால் அன்றைக்குத் தொட்டியில் என்ன நிறம் என்று தெரிந்துவிடும். அரக்கு என்றால் அரக்கு, வாடாமல்லி என்றால் வாடாமல்லி. அவர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைக் கடைக்காரர்கள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஊரில் அப்பாவுக்கு இருந்த சொத்து அந்தப் பேர்தான்.

எங்கள் பட்டறையில் ஒரே ஒரு நிறம் கிடையாது. கருப்பு முக்குவதில்லை. முகூர்த்தப் புடவைக்கு நூல் முக்கும் தொட்டியில் அது கூடாது என்பது அப்பாவின் கட்டுப்பாடு. அந்தச் சொல்லையே வாசற்படிக்கு உள்ளே சொல்லக் கூடாது. யாராவது புடவைக் கரைக்கு அந்த நிறம் கேட்டு வந்தால், "அது நம்மகிட்ட இல்லப்பா, வேற இடம் பாரு" என்று அனுப்பிவிடுவார். வாடிக்கையே போனாலும் போகட்டும் என்பார்.

அக்கா சென்னையில் பொறியியல் படிக்கப் போனார். அறுபதுகளில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் அந்தப் படிப்புக்குப் போவது பேசுபொருள்தான். வகுப்பில் பெண்களைக் கை விரல்விட்டு எண்ணிவிடலாம், விரல்களும் மிச்சம் இருக்கும். ஒரு விடுமுறையில் வந்தவர் பகலிலேயே சமையலறைக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, இரண்டு டார்ச் விளக்குகளின் முகத்தில் வண்ணக் கண்ணாடித்தாளைக் கட்டினார். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பச்சை. அப்பாவை உள்ளே கூப்பிட்டு, "ரெண்டையும் ஒண்ணா அடிச்சா இன்னா கலர் வரும், சொல்லுப்பா" என்றார்.

"செவப்பையும் பச்சையையும் ஒண்ணா ஊத்துனா சாக்கடை கலர்தாம்மா வரும். இதுக்காகவா காலேஜிக்கு அனுப்பிச்சேன்?"

அக்கா இரண்டு வெளிச்சத்தையும் சுவரில் ஒரே இடத்தில் விழவைத்தார். மஞ்சள் வந்தது. அப்பா சுவரருகே போய் அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்தும் பார்த்தார். "இது கண்கட்டு வித்தை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாள் தெருவில் ஒருவர் விடாமல் நிறுத்தி, "வெளிச்சத்துல செவப்பும் பச்சையும் சேர்ந்தா மஞ்சள்யா, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ அவரே கண்டுபிடித்தது போல.

படிப்பு முடிந்து அக்காவுக்குப் பூனாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. சென்னைக்குக் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சியே வந்திருக்கவில்லை. அக்கா அங்கே வண்ணத் தொலைக்காட்சி செய்யப் போகிறார் என்று அப்பா சொன்னபோது, ஏனாத்தூரிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா, "மொதல்ல வெறும் பொட்டிய காட்டுங்கடா, அப்புறம் கலர் அடிக்கலாம்" என்றார். சிரித்தோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அக்கா செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கேமராவிலிருந்து வரும் வண்ணச் செய்தியெல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துத் திரைக்குக் கொடுக்கவேண்டும். பிரிக்கும் அந்த மின்சுற்று அமைப்புதான் அக்காவின் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளில் வெளிச்சமான இடமெல்லாம் அழகாக இருக்குமாம். இருட்டான இடங்களில்தான் வண்ணம் கெடும். நம் ஆட்களின் முகம் செங்கல் நிறமாகவோ பாசி நிறமாகவோ போய்விடும். "அவங்க மூஞ்சிக்கு ஏத்தாப்புல செஞ்ச பொட்டிடி. நம்ம மாநிறம் அதுக்குத் தெரியல" என்று எனக்கு விளக்கினார். நானும் மாநிறம்தான், அதனால் இந்த ஆராய்ச்சிக்கு என் முழு ஆதரவையும் கொடுத்தேன். மங்கலான இடத்திலும் உள்ள நிறத்தை உள்ளபடி காட்டும் சுற்று ஒன்றை அக்கா உருவாக்கினார். இங்கே கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்யலாம் என்பது அதன் சிறப்பு.

அதைச் சோதிக்க ஒரு நிறப்பலகை வேண்டும். வெள்ளை, மஞ்சள், ஆகாய நீலம், பச்சை, வாடாமல்லி, சிவப்பு, நீலம், கருப்பு என்று எட்டுப் பட்டைகள் இந்த வரிசையில் நிற்கவேண்டும். அதைக் கேமராவுக்கு முன்னால் வைத்து, திரையில் அதே எட்டும் வருகிறதா என்று பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பலகை வர மாதக்கணக்கில் ஆகும் என்றதும் அக்கா அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். எட்டு நிறத்தில் எட்டுக் கழி பட்டு வேண்டும், எட்டாவதாக என்ன கேட்கிறேன் என்பது எனக்கே தெரியும், முடியாது என்றால் வருத்தமில்லை என்று எழுதியிருந்தார். அப்பா அந்தக் கடிதத்தை நாலைந்து முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பாக்கலாம்" என்றார்.

இரண்டு வாரத்தில் பூனாவுக்குப் பார்சல் போனது. உள்ளே எட்டுக் கழி. ஏழு கழிகளில் நிறத்தின் பெயர் எழுதிய சீட்டு. எட்டாவது கழியின் சீட்டில் எழுத்து ஒன்றும் இல்லை, மஞ்சள் குங்குமம் மட்டும் தடவியிருந்தது. அந்தச் சொல்லை எழுத அப்பாவுக்குக் கை வரவில்லை என்று அக்கா எடுத்துக்கொண்டார். தனக்காக அப்பா கட்டுப்பாட்டையே மீறிவிட்டாரே என்று அவருக்குத் தாங்கவில்லை. ஆராய்ச்சிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அழுதுகொண்டே ஒரு கடிதம் எழுதினார், மை கலைந்திருந்தது.

நூலைப் பலகையில் சுற்றி, கடனாக வாங்கிய ஒரு பழைய வண்ணக் கேமராவுக்கு முன்னால் வைத்தார்கள். அந்தக் கேமரா எருமைக் கன்று அளவு இருக்குமாம். திரையில் ஏழு நிறங்கள் அச்சாக வந்தன. எட்டாவது பட்டையில் மட்டும் நீலம் தெரிந்தது.

பக்கத்துப் பட்டை நீலம். ஆகவே அந்த நீலம் இந்தப் பக்கம் ஒழுகுகிறது, அக்காவின் சுற்று அதைத் தடுக்கத் தெரியாமல் நிற்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எந்த இருட்டில் நிறம் கெடாது என்று அக்கா சொன்னாரோ அந்த இருட்டிலேயே கெட்டது. நம் நாட்டிலேயே செய்வதா, வெளிநாட்டு வடிவமைப்பை வாங்குவதா என்று தீர்மானிக்க மேலிடத்துக் குழு ஒன்று வந்திருந்தது. அவர்களும் பார்த்தார்கள். சரிசெய்து காட்ட இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள்.

அந்த இரண்டு மாதத்தில் அக்கா தன் சுற்றை எத்தனை முறை பிரித்துப் போட்டார் என்று கணக்கில்லை. கூட வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார், நம் பக்கத்து வாலாஜாபாத்துக்காரர். அக்காவுக்கு அவர் 'தம்பி', எனக்கு 'வாலாஜாபாத் அண்ணன்'. நூலையும் ஒருமுறை சோதிக்கலாமே என்று அவர் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வந்ததாம் கோபம். அவர் பார்த்த ஒரே கோபம் அதுதானாம். "எங்க அப்பா குடுத்த கலர்ல தப்பு இருக்காது தம்பி. தப்பு என் சர்க்யூட்டுலதான்" என்று சொல்லிவிட்டார். என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்கள். ஊரே தன் வேலையைச் சந்தேகிக்கும்போது தானும் கூடச் சேர்ந்து சந்தேகிக்கிறது. ஆனால் அப்பாவைச் சந்தேகிக்க அவருக்குத் தெரியாது.

தவணை முடிய மூன்று வாரம் இருக்கும்போது அக்கா விடுப்பில் ஊருக்கு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். பையில் அந்தப் பலகை இருந்தது. அதற்கடியில் ஒரு கடிதமும் இருந்தது. அக்கா குளிக்கப் போயிருந்தபோது நான் எடுத்துப் படித்தேன். தப்புதான், எனக்குப் பிறர் கடிதத்தைப் படிக்கிற புத்தி உண்டு. வடிவமைப்பில் தவறு நேர்ந்துவிட்டது, பொறுப்பு முழுவதும் என்னுடையது, வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். தேதி மட்டும் போடவில்லை.

நான் நேராகப் பட்டறைக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா நூல் திருப்பும் கோலைக் கீழே வைத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அக்காவிடம், "இன்னாம்மா ஆச்சு அங்க?" என்று கேட்டார்.

"எட்டாவது பட்டையில நீலம் தெரியுதுப்பா. உன் நூலு சரியாத்தான் இருக்குது. என் சர்க்யூட்டுதான் நீலத்தை அங்க கொண்டுபோய் ஊத்துது. நானும் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நான் பார்த்ததில்லை. காயப்போடும் கொடிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"நான் அந்தக் கலரு போடலம்மா" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "எந்தக் கலரு?"

"நீ கேட்ட எட்டாவது. நீலத்துலயே போட்டுப் போட்டு எடுத்தேன். ஏழு முக்கு. பாத்தா வித்தியாசமே தெரியாது, நானே நெழல்ல வெச்சிப் பாத்தேன். கல்யாணம் ஆவாத பொண்ணு, அம்மாவும் இல்ல. அது கேட்டுச்சின்னு நான் என் கையால கருப்பு முக்கி அனுப்பறதா? மனசு வரல. சீட்டுல பொய் எழுதவும் கை வரல. மஞ்ச குங்குமம் வெச்சி அனுப்பிட்டேன். பொட்டிக்கு இன்னா தெரியப்போவுதுன்னு நெனச்சேன்."

வாசற்படிக்கு உள்ளே அந்தச் சொல்லை அப்பா சொல்லி அன்றுதான் கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஊருக்கெல்லாம் சொன்ன நிறத்தைக் கொடுத்த மனிதர், பெற்ற பெண்ணுக்கு வேறு நிறத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "உன்னால அதுக்கு வேலையே போவப்போவுதுப்பா" என்று கத்திவிட்டேன். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. பலகையை வெயிலில் தூக்கிப் பிடித்தார், சாய்த்தார், என் பின்னலை இழுத்து அந்த நூலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு இலேசாகத்தான் தெரிந்தது. தெரியும் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"ஏழு முக்கா?" என்றார்.

"ஏழு."

"அப்போ என் பொட்டி கண்டுபிடிச்சிடுச்சாப்பா? நம்ம கண்ணுக்கே தெரியாதது அதுக்குத் தெரிஞ்சிதா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அழுகையாகி, அழுகை திரும்பச் சிரிப்பானது. ஒரு மாதத்துக்கு மேலாகத் தவறு என்று எல்லோரும் சொன்னது அவர் சுற்றின் நேர்மை. இருட்டிலும் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று சொன்னார், காட்டியது. அப்பாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. பெண் தன்னை மன்னித்துவிட்டாளா என்பதை மட்டும் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் குழுவுக்கு முன்னால் நிரூபிக்க உண்மையான கருப்பு நூல் வேண்டுமே. கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அக்கா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் பானை ஒன்று வாங்கி, பட்டறைக்கு வெளியே மூன்று கல் வைத்து, செவ்வாயும் வெள்ளியும் இல்லாத நாளாகப் பார்த்து, ஒரு கழியைக் கருப்பு முக்கினார். முதல் முறை சூடு அதிகமாகி நூல் மொடமொடத்தது. வாழ்நாளெல்லாம் சாயம் போட்டவருக்கு அந்த நிறத்தில் பழக்கமில்லை. இரண்டாவது முறை சரியாக வந்தது. முக்கி எடுத்ததும் பானையை உடைத்தார். அக்காவுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். பிறகு, "நானும் பூனா வரேன். நான் பண்ண தப்ப நானேதான் சொல்லணும்" என்றார்.

அப்பா திருப்பதியைத் தாண்டி வடக்கே போனதில்லை. அரக்கோணத்தில் பம்பாய் வண்டி ஏறி, புளிச்சோற்று மூட்டையோடு அக்காவும் அவரும் போனார்கள். திரும்பி வந்து அப்பா எனக்குச் சொன்னது இது. பெரிய அறை. பெட்டியில் எட்டுப் பட்டையும் தெரிந்தன. புது நூல் கருப்பாகவே நின்றது, பழைய நூலைப் பக்கத்தில் பிடித்தால் அது நீலமாகத் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். "அப்புறம் நான் அந்தக் குழுவுல பெரியவருகிட்ட எழுந்து நின்னு சொன்னேம்மா. நான் சொல்லச் சொல்ல உங்க அக்கா இங்கிலீஷ்ல சொல்லிச்சி. அவரு எழுந்து வந்து என் கையப் புடிச்சிக்கினு குலுக்கினாரு. நல்ல மனுசன்." சொல்லும்போது அப்பாவின் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த ஆண்டுகள் முழுக்க அந்த நிம்மதியோடுதான் இருந்தார்.

அக்காவின் சுற்று ஏற்கப்பட்டது. நாட்டுக்கு வண்ணம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோது, இங்கே செய்யப்பட்ட பெட்டிகள் சிலவற்றில் இருட்டைக் கையாளும் பகுதி அக்காவின் வழியில்தான் அமைந்திருந்தது என்று வாலாஜாபாத் அண்ணன் சொல்கிறார். அவருக்கு அது தெரியும், நான் நம்புகிறேன். அக்காவுக்கு முப்பது தாண்டித் திருமணம் நடந்தது. மாமா பூனாவில் கணிதப் பேராசிரியர், தங்கமான மனிதர். கருப்புச் சாயம் ஒரு கல்யாணத்தையும் கெடுத்துவிடவில்லை என்று அப்பாவைக் கேலி செய்வேன். "புதுப் பானையில போட்டேன் இல்ல, அதான்" என்பார்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. வண்ணப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு அக்காவுக்கு வரவேண்டியது, வரவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. அக்கா செய்த சுற்றைப் பற்றிய கட்டுரையில் அக்காவின் பெயர் கடைசியில் இருந்தது. அதற்கடுத்த பதவி உயர்வும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் நான் பிடித்துக்கொள்வேன். "உனக்கு வாயே இல்லையாக்கா? போய்க் கேக்கறதுக்கு இன்னா?" என்பேன். "உனக்கு இருக்குதே, நம்ம வூட்டுக்கு அது போதும்" என்பார். மண்டு என்று சொல்லியிருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்றும் ஒருமுறை சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவும் மாமாவும் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டார்கள். மாமா முன்னால் போனார். கடைசி ஓராண்டு அக்கா படுக்கையில்தான். வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தால் யார் முகத்தையாவது பார்த்து, "செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது, கொறைடி" என்பார். குறைப்பேன். பிறகு அதுவும் இல்லை. ஒரு காலையில் என் மடியில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வாலாஜாபாத் அண்ணன் வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, தலைமைப் பொறுப்புக் கதையை நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அக்காவுக்குத் துணிச்சல் இல்லை என்று சொன்னதும் அவர் என்னைத் தடுத்தார்.

"உனக்குத் தெரியாதாம்மா? உங்க அப்பா வந்த அன்னிக்கி நான் அந்த ரூம்லதான் இருந்தேன். பெரியவரு மொதல்ல கேட்டது, சாயக்காரர் ஏமாத்திட்டாரான்னு. உங்க அப்பா தமிழ்ல சொல்றாரு, 'நான் என் பொண்ணுகிட்ட மறைச்சிட்டேன் சார், தப்பு என்னுது, என் பொண்ணு மேல தப்பு இல்ல'ன்னு. அக்கா அந்தப் பழைய நூலைக் கையில எடுத்துச்சி. அப்புறம் இங்கிலீஷ்ல சொல்லிச்சி, 'கருநீலம்னுதான் சீட்டுல எழுதி அனுப்பினார், நான்தான் சரியா படிக்காம கருப்புன்னு எடுத்துக்கிட்டேன், கவனக்குறைவு என்னுது, இவர் மேல தப்பு இல்ல'ன்னு. வாயத் தொறக்க வந்தேன். அக்கா ஒரு பார்வை பாத்துச்சி, மூடிக்கினேன். ரெண்டு மாசம் வீணாப் போனதுக்குப் பொறுப்பு யாருன்னு அறிக்கையில எழுதணும் இல்ல, வடிவமைப்பாளரின் கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. கடைசிவரைக்கும் அதுதான் அவங்களுக்குக் குறுக்க நின்னுச்சி."

பிறகு ஒருநாள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர் அக்காவைக் கேட்டிருக்கிறார். "எங்க அப்பாவை ஏமாத்துக்காரர்னு ஒருத்தர் எழுதி வெக்கறதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா தம்பி? பொட்டி சரின்னு நிரூபிச்சாச்சி. எனக்கு அது போதும்" என்று சொன்னாராம்.

அன்று நான் அழுத அழுகையை அக்கா போன அன்றைக்குக்கூட அழவில்லை. எத்தனை வருஷம், எத்தனை முறை மண்டு என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அப்பாவிடம் போய்க் கொட்டிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். என் வாயைப் பற்றி அக்காவைவிட அறிந்தவர் யார்.

இதை இந்த மலரில் எழுதவேண்டாம் என்று அக்காவின் மகன் சொன்னான். "அம்மா மறைச்சத நாம எதுக்கு சித்தி சொல்லணும், தாத்தா பேரு என்ன ஆவும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பல நாள் யோசித்துப் பார்த்தேன். அப்பா தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளப் பூனாவுக்குப் போகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு, மொழி தெரியாத ஊரில் பெரிய மனிதர்கள் நடுவில் எழுந்து நின்று தவறை ஒப்புக்கொண்டதற்கு மேல் ஒரு நல்ல பேர் எந்தத் தாத்தாவுக்கு இருக்கும்? அதைப் பேரனிடம் சொன்னேன். "எழுதுங்க சித்தி" என்றான்.

அக்காவின் கடைசி ஓராண்டில் ஒரு நாள் தவறாமல் வந்து உடம்பு துடைத்துவிட்ட செவிலியர் பெண்ணுக்கும், எப்போது கூப்பிட்டாலும் வந்த எங்கள் மருத்துவருக்கும், காரியத்தன்று அடுப்படியைத் தங்கள் வீடாக எடுத்துக்கொண்ட எதிர்வீட்டு அண்ணிக்கும், ஏனாத்தூர்ப் பெரியப்பா வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்த அக்காவின் பழைய தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாலாஜாபாத் அண்ணனுக்கு நான் தனியே கடமைப்பட்டிருக்கிறேன். அவர் சொல்லியிராவிட்டால் என் அக்காவைத் தெரியாமலே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன். பெண்ணைப் படிக்கவைத்து, வீட்டைத் தான் பார்த்துக்கொண்ட எங்கள் அப்பாவுக்கு அக்கா சார்பிலும் என் சார்பிலும் நன்றி.

அக்காவின் கோப்பு பூனாவில் எங்காவது இருக்கும், அதில் கவனக்குறைவு என்றுதான் இருக்கும். அதை மாற்ற என்னால் ஆகாது. ஆனால் அப்பா அந்த அறையில் நின்று சொன்னது சொன்னபடி இன்னும் யாரிடமும் போய்ச் சேரவில்லை. அக்காவுக்கு அதை மொழிபெயர்க்க மனம் வரவில்லை. எனக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை, நீங்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். அப்பா சொன்னபடியே எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்: "தப்பு என்னுது. என் பொண்ணு மேல தப்பு இல்ல."